சைக்கிள் வேலையில 'கோட்டம் எடுக்குறது'ன்னா என்ன?

ஆபீஸ் வேலை மனசுக்கு ஒட்டாம சைக்கிள் கடைக்கு வந்தவன் நான், இப்படி வர்றவங்க எல்லாருக்கும் முதல்ல சொல்றது கோட்டம் எடுக்க கத்துக்கங்கன்னுதான். கோட்டம்னா சக்கரம் நேரா சுத்தாம ஒரு பக்கமா ஆடி பிரேக் கட்டையில உரசுறது. பழைய கறுப்பு சைக்கிள்ல முன்னாடி 32, பின்னாடி 40 போக்ஸ் கம்பி, பாதி வலப்பக்கம் இழுக்கும் பாதி இடப்பக்கம் இழுக்கும், ஒண்ணு லூசானா அந்த இடத்துல ரிம் எதிர்ப்பக்கம் சாயும், பந்தல் கம்பத்துக்கு ரெண்டு பக்கமும் கயிறு இழுத்துக் கட்டியிருப்பாங்களே அதேதான். கம்பி ரிம்முல சேர்ற இடத்துல அதை இறுக்குற சின்ன நட்டு இருக்கும், அதுதான் நிப்பிள், அதை கால் சுத்து திருப்பி, சக்கரத்தைச் சுத்தி விட்டுப் பாத்து, மறுபடி கால் சுத்து. அந்த உரசல் சத்தம் நிக்கிற நிமிஷம் இருக்கே, அந்த நிறைவு ஆபீஸ்ல எனக்கு ஒருநாளும் கிடைக்கலை. ரிம்மை சுத்தியலால தட்டி நிமிர்த்துறதுதான் கோட்டம் எடுக்குறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, அப்படி இல்லை, வேலை முழுக்க கம்பியோட இழுவையிலதான்.