வாசகர் கேள்வி: 14 வயதுக்கு எந்தக் கதை?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. நூலகத்தில் சிறுவர் பகுதிக்குப் போனால் எல்லாம் சின்னப்பிள்ளைக் கதை என்கிறாள், பெரியவர்கள் பகுதிக்கு அனுப்ப எனக்குப் பயம். என்ன செய்வது?
- ஒரு தாய், ஹட்டன்

பதில்: மகள் சொல்வது சரிதான். அந்த வயதுக்கு முயலும் ஆமையும் எப்படிப் போதும்? நட்பு முறிவது, வீட்டில் காசில்லாதது, அப்பாவோடு சண்டை, யாரையோ பிடித்துப்போவது என்று பதின்ம வயதின் குழப்பங்களை அந்த வயதுக்காரர் கண்ணாலேயே சொல்லும் கதைகள் ஆங்கிலத்தில் தனி அலுமாரியாகவே இருக்கின்றன. 1967இல் வந்த அமெரிக்க எழுத்தாளர் எஸ்.ஈ. ஹின்டனின் 'தி அவுட்சைடர்ஸ்' நாவல் அதற்குப் பெரிய தொடக்கம், எழுதும்போது அவரே பாடசாலை மாணவி. தமிழில் அப்படிப் பிரித்து வைப்பது குறைவு, நாம்தான் தேடி எடுக்க வேண்டும். மலையக எழுத்தாளர் என்.எஸ்.எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' சிறுகதைகளைக் கொடுத்துப் பாருங்கள், நம்ம மலையும் நம்ம ஆட்களும் அதில் இருக்கிறார்கள். பயமாக இருந்தால் நீங்களும் சேர்ந்து படியுங்கள், ஆனால் புத்தகத்தைப் பிடுங்கி ஒளித்து மட்டும் வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் ஊர் நூலகத்தில் இளையோருக்கு வாசிப்பு வட்டம் தொடங்கலாமா?
- ஆசிரியர், பொகவந்தலாவை

பதில்: கட்டாயம். வாசிப்பு மாதமான ஒக்டோபர் வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். பேச்சுப்போட்டி, பரிசளிப்பு எல்லாம் வேண்டாம், புத்தகத்தைப் பிள்ளைகளே தெரிவு செய்யட்டும். அப்புறம், டியூஷன் இல்லாத நாளாக, தேயிலைத் தோட்டத்துக்குப் போகும் கடைசி பஸ்ஸுக்கு முன்பே முடிகிற மாதிரி வையுங்கள்.