கணுக்காலுக்கு எந்த டேப்?

கேள்வி: எனக்கு வயது 27. வாரத்தில் மூன்று நாள் வாலிபால் ஆடுகிறேன். நான்கு மாதங்களுக்கு முன் எம்பிக் குதித்து இறங்கும்போது இன்னொருவர் பாதத்தின் மேல் கால் விழுந்து, வலது கணுக்கால் உள்பக்கமாக மடங்கிவிட்டது. எக்ஸ்-ரேயில் எலும்பு முறிவு இல்லை. மூன்று வாரம் ஓய்வெடுத்துவிட்டு ஆடத் திரும்பினேன். பிறகு இரண்டு முறை அதே கால் மடங்கியது. இப்போது இழுத்தால் நீளும் நீல நிற டேப்பை ஒட்டிக்கொண்டு ஆடுகிறேன். ஒட்டிய இடத்தில் அரிப்பு வேறு. எந்த டேப்பை வாங்குவது சரி?

பதில்: ‘இழுத்தால் நீளும்’ என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். சிக்கல் அங்கேதான் இருக்கிறது. உங்கள் பாதம் உள்பக்கம் மடங்கும்போது அதைப் பிடித்து நிறுத்த ஏதாவது வேண்டும். பாதத்தோடு சேர்ந்து தானும் நீளும் ஒரு துணி எப்படி அதைப் பிடித்து நிறுத்தும்?

நீங்கள் ஒட்டுவது கினீசியாலஜி டேப். ஜப்பானைச் சேர்ந்த கென்சோ காசே 1970களில் உருவாக்கியது. 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் கடற்கரை வாலிபால் வீராங்கனை கெர்ரி வால்ஷ் அதைத் தோளில் ஒட்டிக்கொண்டு ஆடியபின் உலகமெங்கும் பரவியது. தன் நீளத்தில் ஏறக்குறைய பாதி அளவு கூடுதலாக நீளும். மூன்று முதல் ஐந்து நாள் வரை தோலில் நிற்கும். லேசான வலியைக் கொஞ்ச நாளைக்குக் குறைக்க சிலருக்கு உதவுகிறது. தளர்ந்த மூட்டைத் தாங்கும் வேலை அதனுடையது அல்ல. அது தந்த தைரியத்தில் நீங்கள் எம்பிக் குதிப்பதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது.

உங்களுக்குப் பொருத்தமானது நீளாத டேப், அதாவது ஜிங்க் ஆக்சைடு டேப். பெரும்பாலும் வெள்ளை அல்லது தோல் நிறத்தில் இருக்கும் பருத்தித் துணி. வாங்கும்போது முனையை இரண்டு கைகளாலும் நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். சற்றும் நீளக் கூடாது. அதே சமயம் குறுக்கே கையால் ‘சரக்’கென்று கிழிய வேண்டும். அகலமும் முக்கியம். கணுக்காலுக்கு 38 மி.மீ., விரலுக்கும் கட்டைவிரலுக்கும் 25 மி.மீ. அகலம் கூடினால் குதிகாலின் வளைவில் டேப் படியாமல் சுருக்கம் விழும். அந்தச் சுருக்கத்துக்குக் கீழேதான் கொப்புளம் வரும்.

கடையில் இன்னும் இரண்டு வகைகளைப் பார்ப்பீர்கள். ஒன்று, பசையுள்ள எலாஸ்டிக் பேண்டேஜ், 50 அல்லது 75 மி.மீ. அகலத்தில். தொடை, கெண்டைக்கால் போன்ற சதைப்பற்றான இடங்களுக்கு இதுதான் சரி. ஓடும்போது தசை விரியும். கட்டும் கூடவே விரிந்து கொடுக்க வேண்டும். கெண்டைக்காலைச் சுற்றி நீளாத டேப்பை இறுக்கிக் கட்டிக்கொண்டு ஓடிய ஓர் இளைஞர், விரல்கள் மரத்துப்போய் என்னிடம் வந்தார். கட்டை வெட்டியபோது டேப்பின் இரு ஓரங்களும் சதையில் இரண்டு பள்ளங்களாகப் பதிந்திருந்தன. நல்ல வேளை, சீக்கிரம் வந்துவிட்டார். இன்னொன்று, தோலில் ஒட்டாமல் தன் மேலேயே ஒட்டிக்கொள்ளும் பேண்டேஜ். வீக்கத்தை லேசாக அழுத்தவும், உள்ளே இருக்கும் டேப் உரிந்துவிடாமல் மேலே சுற்றவும் பயன்படும்.

சரியான டேப்பையும் தவறாக ஒட்டினால் பயன் இல்லை. முதல் சில முறை இயன்முறை மருத்துவரிடம் ஒட்டிக்கொண்டு, அவர் கையைக் கவனித்துப் பழகுங்கள். பாதத்தைக் காலுக்குச் செங்குத்தாக, 90 டிகிரியில் நிறுத்தி, வெளி ஓரத்தைச் சற்றே உயர்த்தி வைத்திருக்க வேண்டும். கணுக்காலுக்கு மேலே பிடிமானமாக ஒரு சுற்று. அங்கே உள்பக்கம் தொடங்கி, குதிகாலுக்கு அடியில் போய், வெளிப்பக்கமாக மேலே இழுத்து ஒட்டும் பட்டைகள் இரண்டு அல்லது மூன்று. ஒவ்வொன்றும் முந்தையதை அரைப் பங்கு மூட வேண்டும். மடங்குவதைத் தடுப்பது முக்கியமாக இந்தப் பட்டைகளே. இழுக்கும் திசையைத் தலைகீழாக்கினால், தடுக்க வேண்டிய பக்கத்துக்கே காலைத் தள்ளிவிடுவோம். கடைசியில் குதிகாலைப் பூட்டுவதுபோல இருபக்கமும் ஒரு சுற்று.

ஒட்டி முடித்ததும் கால் பெருவிரல் நகத்தை அழுத்தி விடுங்கள். வெளுத்த நகம் இரண்டு விநாடிக்குள் சிவக்க வேண்டும். சிவக்கத் தாமதமானாலோ, விரல் மரத்தாலோ, ஆட்டத்தின் நடுவே என்றாலும் உடனே வெட்டி எடுங்கள். ஆட்டம் முடிந்ததும் டேப்பைக் கழற்றிவிடுங்கள். கழற்றும்போது மேல்நோக்கிப் பிய்க்காமல், தோலை ஒரு கையால் அழுத்திக்கொண்டு, டேப்பைத் தோலை ஒட்டியவாறே பின்னோக்கி மடித்து உரியுங்கள். ஒட்டிக்கொண்ட பசைக்கு எண்ணெய் தடவினால் போதும்.

ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். நீளாத டேப்பும் அரை மணி நேர ஆட்டத்துக்குள் வியர்வையிலும் அசைவிலும் கணிசமாகத் தளர்ந்துவிடும். வாரம் மூன்று நாள் ஆடும் உங்களுக்கு, ஷூவுக்குள் போடும் கயிறு கட்டிய கணுக்கால் உறையையே நான் பரிந்துரைப்பேன். மறுபடி மடங்காமல் காப்பதில் அது டேப்புக்குக் குறைந்ததல்ல. தளர்ந்தால் நீங்களே இறுக்கிக்கொள்ளலாம். தோலில் பசையும் படாது.

அரிப்புக்கு வருவோம். டேப்பின் ஓரக்கோடு மாறாமல் அதே வடிவில் தோல் சிவந்திருந்தால், பசை ஒவ்வாமையாக இருக்க வாய்ப்பு அதிகம். தோல் முழுதாக ஆறும்வரை எந்த டேப்பும் வேண்டாம். நீல டேப் ஒத்துக்கொள்ளவில்லை என்பதற்காக ஜிங்க் ஆக்சைடு டேப் ஒத்துக்கொள்ளும் என்று நினைத்துவிடாதீர்கள். பல ஜிங்க் ஆக்சைடு டேப்களின் பசையில் ரப்பரும் மரப்பிசினும் இருக்கும். முன்கையின் உள்பக்கம் ஒரு சிறு துண்டை ஒட்டி ஒரு நாள் பாருங்கள். ஒத்துக்கொண்டாலும், ஒவ்வாமை குறைந்த மெல்லிய வெள்ளை அடி டேப்பை முதலில் ஒட்டி, அதன் மேல் இதை ஒட்டுவது நல்லது. சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்வு குறைந்தவர்களும், கால் இரத்த ஓட்டம் சரியில்லாதவர்களும் மருத்துவரைக் கேட்காமல் டேப் ஒட்டவே கூடாது.

புதிதாக அடிபட்டு வீங்கிய காலை முதல் இரண்டு மூன்று நாள் நீளாத டேப்பால் சுற்றாதீர்கள்; வீக்கம் கூடக் கூடக் கட்டு இறுகும். மறுபடி மடங்கி, நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியாவிட்டாலோ, கணுக்கால் மொட்டின் (பக்கவாட்டில் புடைத்திருக்கும் எலும்பின்) பின் ஓரத்திலோ பாதத்தின் வெளி விளிம்பின் நடுவிலோ எலும்பை அழுத்தினால் வலித்தாலோ, இன்னொரு எக்ஸ்-ரே தேவை.

மூன்று வாரம் ஓய்வெடுத்ததாக எழுதியிருக்கிறீர்கள். பயிற்சி செய்ததாக எழுதவில்லை. சுளுக்கில் தசைநாரோடு, கால் எந்த நிலையில் இருக்கிறது என்று மூளைக்குச் சொல்லும் உணர்வும் பாதிக்கப்படுகிறது. ஓய்வு மட்டும் அதைத் திருப்பித் தராது. இன்றே சுவர் பக்கத்தில் நின்று, வலது காலில் மட்டும் 30 விநாடி நின்று பாருங்கள். பிறகு இடது காலில். வித்தியாசம் தெரிந்தால் அங்கிருந்து தொடங்குங்கள்: தினமும் பத்து நிமிடம், முதலில் கண் திறந்து, பிறகு கண் மூடி, பிறகு மெத்தென்ற தலையணை மேல். குதிகாலை உயர்த்தி இறக்குவதும், ரப்பர் பட்டையைப் பாதத்தில் மாட்டி வெளிப்பக்கம் இழுப்பதும் கூடவே வேண்டும். இரண்டு மூன்று மாதம் இதை ஒழுங்காகச் செய்தபின்னும் கால் நழுவினால், விளையாட்டு மருத்துவரிடமோ எலும்பு மருத்துவரிடமோ சென்று தசைநார் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று சோதித்துக்கொள்ளுங்கள். அதுவரை உறை இல்லாமல் வலைக்கு அருகில் எம்ப வேண்டாம்.