நாய்க்கு வாங்கிய மருந்தைப் பூனைக்கும் விடலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் மணி என்ற நாட்டு நாயும் அம்மு என்ற பூனையும் வளர்கின்றன. இரண்டு வருஷமாக மழைக்காலம் முடிந்ததும் மணிக்கு உண்ணிக் கடியால் பரவும் டிக் ஃபீவர் வருகிறது. போன தடவை மூக்கிலிருந்து ரத்தமே வந்துவிட்டது. இந்த வருஷம் முன்கூட்டியே, உண்ணிக்காக முதுகில் விடும் சொட்டு மருந்து வாங்கி வைத்திருக்கிறோம். அதில் பாதியை அம்முவுக்கும் விடலாமா? வருஷம் முழுக்க இரண்டும் நோயில்லாமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?
- ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: அம்மா, முதலில் அந்த மருந்தை அம்முவுக்கு எட்டாத இடத்தில் எடுத்து வையுங்கள். பாதி வேண்டாம், ஒரு சொட்டுகூட வேண்டாம். நாய்களுக்கான பல உண்ணி மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கிறது. நாயின் உடம்பு அதைச் சிதைத்து வெளியேற்றிவிடும். பூனையின் கல்லீரலுக்கு அந்தச் சக்தி கிடையாது.

என்னிடம் வந்த ஒரு பூனையை இன்னும் மறக்க முடியவில்லை. மேஜையில் வைத்ததும் காது நுனிகள் துடித்தபடியே இருந்தன. முதுகுத் தோல் அலை அலையாகச் சுருங்கியது. நிற்க வைத்தால் நான்கு காலும் வெடவெடவென்று நடுங்கின. முந்தின ராத்திரி நாய்க்கு விட்டதில் மீந்ததை அதன் கழுத்தில் விட்டிருந்தார்கள், பாசத்தில்தான். மூன்று நாள் போராடிக் காப்பாற்றினோம். எல்லாப் பூனைக்கும் அந்த அதிர்ஷ்டம் இருக்காது. தெரியாமல் பட்டுவிட்டால், பாத்திரம் தேய்க்கும் லிக்விட் போட்டு வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் ஓடுங்கள். உங்கள் மருந்தில் பெர்மெத்ரின் இருந்தால், மணிக்கு விட்ட பிறகும் இரண்டு மூன்று நாள் அம்மு அதை நக்காமலும் ஒட்டிப் படுக்காமலும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

சரி, மணிக்கு வருவோம். போன தடவை காய்ச்சலுக்கு மாத்திரையை எத்தனை நாள் கொடுத்தீர்கள் என்று கடிதத்தில் இல்லை. மூக்கில் ரத்தம் வந்தது என்பதால் உண்ணி பரப்பும் எர்லிக்கியா என்ற கிருமியாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். அதற்கு டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மாத்திரையை வழக்கமாக 28 நாள் கொடுக்க வேண்டும். நான்காம் நாளே நாய் வாலை ஆட்டிச் சாப்பிட ஆரம்பித்துவிடும், நாமும் மாத்திரையை நிறுத்திவிடுவோம். கிருமி உள்ளேயே தங்கிவிடும். ஒரு தடவை வந்து குணமானாலும் மறுபடி வராது என்று நம்ப முடியாது. இதற்குத் தடுப்பூசியும் இல்லை. உங்களுக்குப் பக்கத்தில் ஒரத்தநாட்டிலேயே கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே கூட்டிப்போய் ரத்தப் பரிசோதனை செய்து, ரத்தம் உறைய உதவும் தட்டணுக்கள் எவ்வளவு என்று பார்த்துவிடுங்கள். (செய்தித்தாளில் வரும் ‘உண்ணிக் காய்ச்சல்’ மனிதர்களுக்கு வருவது, அது வேறு நோய். குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

காய்ச்சல் திரும்பத் திரும்ப வர இன்னொரு காரணம் உங்கள் வீட்டுச் சுவரில் இருக்கலாம். நாய் உண்ணி தன் ஆயுளில் பெரும்பகுதியை நாயின் மேல் கழிப்பதில்லை. ரத்தம் குடித்து, ஆமணக்கு விதை மாதிரி உப்பிய பெண் உண்ணி கீழே விழுந்து, இடுக்கு தேடிப் போய் ஆயிரக்கணக்கில் முட்டையிட்டுச் செத்துப்போகும். குஞ்சு பொரித்தவை நாய் மேல் ஏறும், குடிக்கும், இறங்கும், தோலுரிக்கும், மறுபடி ஏறும். பசியோடு மாதக்கணக்கில் காத்திருக்கவும் அவற்றுக்குத் தெரியும். நம் ஊர்ச் சூட்டில் இது பன்னிரண்டு மாதமும் நடக்கிறது. மழை முடிந்த பிறகு மட்டும் மருந்து போட்டால் போதாது என்று சொல்வது இதனால்தான்.

இன்று ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு மணி படுக்கும் இடத்தைப் பாருங்கள். சுவர் விரிசல், கதவு நிலைக்குப் பின்னால், கட்டில் கால், திரைச்சீலை மடிப்பு எல்லாவற்றையும். உண்ணி மேல் நோக்கி ஏறும் பழக்கம் உள்ளது, அதனால் தரையை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள். விரிசல்களைச் சிமென்ட் வைத்து அடையுங்கள். படுக்கும் சாக்கைக் கொதிநீரில் அலசி வெயிலில் போடுங்கள். வீட்டுக்குள் மருந்து அடிப்பதாக இருந்தால் பூனை இருக்கிறது என்று சொல்லி, மருத்துவரிடம் கேட்டு வாங்குங்கள். மணிக்குச் சொட்டு மருந்தைவிட மாதாமாதம் கொடுக்கும் உண்ணி மாத்திரை வசதி என்பது என் எண்ணம். எடைக்கு ஏற்ற அளவை மருத்துவர் சொல்வார். எப்போதாவது வலிப்பு வந்திருந்தால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

தினமும் ஐந்து நிமிஷம் தடவிப் பாருங்கள்: காது மடலுக்குள், விரல் இடுக்கில், கழுத்துப் பட்டைக்கு அடியில். கிடைத்தால் ட்வீஸரால் தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து, ஸ்பிரிட்டில் போடுங்கள். நகத்தால் நசுக்குவது, மண்ணெண்ணெய் தடவுவது, சூடு வைப்பது எதுவும் வேண்டாம்.

மற்றதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோடையில் தார்ச்சாலையில் உங்கள் புறங்கையை ஏழு விநாடி வைக்க முடியாவிட்டால் மணியின் பாதமும் தாங்காது. விடியற்காலையில் கூட்டிப்போங்கள். விடாமல் மூச்சிரைத்து, எச்சில் வழிந்து, தள்ளாடினால் சாதாரணத் தண்ணீரை ஊற்றி, மின்விசிறி போட்டுவிட்டு உடனே கிளம்புங்கள். மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள், எலியின் சிறுநீரால் லெப்டோஸ்பைரோசிஸ் என்ற எலிக்காய்ச்சல் வரும், அது நமக்கும் தொற்றும். ஆண்டுத் தடுப்பூசியில் இதுவும் உண்டா என்று கேளுங்கள். தீபாவளியன்று மாலைக்கு முன்பே இரண்டையும் உள்ளறையில் விட்டு ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

சாப்பாட்டில் வெங்காயம், உலர்திராட்சை, சாக்லேட் கூடாது. அம்முவுக்குத் தயிர்சாதமே தினமும் போடுகிறீர்களோ என்று எனக்குச் சந்தேகம். பூனைக்கு டாரின் என்ற சத்து மாமிசத்திலிருந்துதான் கிடைக்க வேண்டும். அது நாள்பட இல்லாவிட்டால் கண்ணும் இதயமும் கெடும். மீனோ கோழியோ முள், எலும்பு நீக்கி வேகவைத்துக் கொடுங்கள், கூடவே பூனைக்கான தீவனமும் இருக்கட்டும். காய்ச்சல் என்று பாராசிட்டமால் மட்டும் கொடுத்துவிடாதீர்கள், ஒரே மாத்திரையில் பூனை செத்துவிடும்.

அம்முவுக்கு ரேபிஸ் ஊசி போட்டதாக எங்கும் நீங்கள் எழுதவில்லை. வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் போட வேண்டும். மணியை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போகும் அன்றைக்கே அம்முவையும் கொண்டுபோங்கள். மூடியுள்ள கூடையாக எடுத்துக்கொண்டு, உள்ளே உங்கள் பழைய புடவை ஒன்றைப் போடுங்கள், அந்த வாசனையில் கத்தாமல் வரும்.