சாவிக்கொத்தும் அரைப்புள்ளியும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: எங்கள் வீட்டுச் செட்டியார், என் கணவர், தவறி எட்டு மாதம் ஆகிறது. தேவகோட்டைப் பக்கம் பெரிய வீடு, மூன்று புள்ளிக்கு, அதாவது மூன்று குடும்பத்துக்குச் சொந்தம், மற்ற இரண்டு வீட்டாரும் கல்யாணம் காரியம் என்றால்தான் வருவார்கள். மகன் சிங்கப்பூரில், மகள் சென்னையில். ராத்திரி ஒன்பது மணிக்கு அவுக செய்த மாதிரியே சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு ரெண்டாங்கட்டில் ஆரம்பித்து, வளவு, பட்டாலை, முகப்பு என்று ஒவ்வொரு கதவாகப் பூட்டிக்கொண்டு வருகிறேன். முகப்புக்கு வந்ததும் அழுகை வந்துவிடும். போன மாதம் கோயிலுக்குப் புள்ளிக் கணக்கு எழுத வந்தவர், "ஆச்சி, இனி அரைப்புள்ளிதானே" என்று சாதாரணமாகக் கேட்டுவிட்டுப் போனார். அன்றிலிருந்து சாப்பாடு சரியாக இறங்கவில்லை. மகன் கவுன்சலிங் போகச் சொல்கிறான். எனக்கென்ன பைத்தியமா?
– பெயர் வேண்டாம், தேவகோட்டை

பதில்: பைத்தியம் இல்லை ஆச்சி. உங்கள் மகனும் அப்படி நினைத்துச் சொல்லியிருக்க மாட்டார், தூரத்தில் இருக்கிற பிள்ளைக்கு வேறு என்ன சொல்வதென்று தெரியவில்லை, அவ்வளவுதான்.

வெளியூர் வாசகர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள், கோயில் கணக்கில் கணவனும் மனைவியும் சேர்ந்தது ஒரு புள்ளி, இருவரில் ஒருவர் போய்விட்டால் மற்றவர் அரைப்புள்ளி. வரி எழுத வைத்த கணக்கு அது, ஆளை எடை போட வைத்ததில்லை. ஆனால் எட்டு மாதமாக ஒருவர் மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை நோட்டுப் புத்தகத்தோடு வந்து ஒருவர் வாய்விட்டுச் சொன்னால் சோறு எப்படி இறங்கும்? எழுத வந்தவர் மேல் எனக்குக் கோபம்தான், திண்ணையில் உட்கார்ந்து ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டாவது கேட்டிருக்கலாம்.

நம் பக்கத்தில் கேதம், அதாவது துக்கம், கேட்க வருகிறவர்கள் முன்பெல்லாம் என்ன செய்தார்கள் என்று யோசித்துப் பாருங்கள். பெண்கள் கட்டிப்பிடித்து உட்கார்ந்து, போனவர் வியாபாரத்துக்குப் போய்க் கொண்டுவிற்ற ஊர், கட்டின வீடு, பிடித்த பலகாரம் எல்லாவற்றையும் ஒப்பாரியில் இழுத்துப் பாடுவார்கள், வீட்டுக்காரியும் சேர்ந்து அழுவாள், அடுத்த ஆள் வந்ததும் கதை மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கும். இப்போது ஐஸ் பெட்டி, வீடியோ, "மனசைத் தேத்திக்கங்க" என்று ஒரு வார்த்தை, காரியம் முடிந்ததும் எல்லோரும் கார் ஏறிவிடுகிறார்கள். உங்களுக்குப் பேச்சு வந்தபோது கேட்க ஆள் இல்லை. கவுன்சலிங் என்பது, என் கணக்கில், எல்லோரும் போன பிறகு தாமதமாக வந்து கேதம் கேட்கிற ஆள்.

அங்கே போனால் என்ன நடக்கும் என்றுதானே பயம்? முக்கால் மணி நேரம், ஒரு நாற்காலி, கதவு சாத்திய அறை. அவர் பெயர் என்ன, எப்படிப்பட்டவர், கடைசி நாள் எப்படிப் போனது என்று கேட்பார்கள். நீங்கள் சாவிக்கொத்தைப் பற்றிச் சொல்வீர்கள். நான் அந்த நாற்காலியில் இருந்தால், எந்தக் கதவு முதலில், எது கடைசி, எந்தப் பூட்டு மக்கர் பண்ணும், அதற்கு அவர் என்ன சொல்லித் திட்டுவார் என்றெல்லாம் கேட்பேன், நிறுத்தச் சொல்ல மாட்டேன். உயிருக்கு ஆபத்து என்றால் தவிர, பேசினது வெளியே போகாது. மாத்திரை பயமும் வேண்டாம், ஆலோசகருக்கு மருந்து எழுத அதிகாரமே கிடையாது, அது மனநல மருத்துவர் வேலை.

மறந்துவிடு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். படைப்பு வீட்டில் முன்னோருக்குச் சேலையும் வேட்டியும் வைத்துப் பேழையில் காப்பாற்றிக் கூப்பிட்டுச் சோறு போடுகிற சனம் நாம். போனவரோடு உறவு முடிவதில்லை, வேறு மாதிரி தொடர்கிறது என்பதை 1990களில்தான் ஆராய்ச்சியாளர்கள் எழுத்தில் வைத்தார்கள், நம் வீட்டுப் பாட்டிமார்களைக் கேட்டிருந்தால் முன்னாலேயே சொல்லியிருப்பார்கள். அதே மாதிரி, வாட்ஸப்பில் சுற்றுகிற "துக்கத்தின் ஐந்து படிகள்", அதையும் விட்டுவிடுங்கள். எலிசபெத் குப்லர் ராஸ் என்ற மருத்துவர் 1969-ல் எழுதியது அது, சாகப்போகிற நோயாளிகளிடம் பேசிப் பார்த்து எழுதியது, பறிகொடுத்தவர்கள் வரிசையாக ஏற வேண்டிய படிக்கட்டு இல்லை. காலையில் மகளோடு போனில் சிரித்துவிட்டு ராத்திரி முகப்பில் அழுவதுதான் இயல்பு. 1999-ல் ஸ்ட்ரோப், ஷூட் என்ற இரண்டு நெதர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் சொன்னதும் ஏறக்குறைய அதுதான்: மனசு துக்கத்துக்கும் அன்றாட வேலைக்கும் இடையே போய்ப் போய் வரும், வர வேண்டும்.

எப்போது டாக்டர் வேண்டும்? துக்கம் தணியாமல் இத்தனை நாள் போனால் என்று ஒரு கணக்கு உண்டு: உலக சுகாதார நிறுவனம் ஆறு மாதத்துக்கு மேல் என்கிறது, அமெரிக்க மனநல மருத்துவர்கள் பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்கிறார்கள். உங்கள் எட்டு மாதம் இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது, அதனால் காலண்டரைப் பார்க்காதீர்கள். நாள் முழுக்க அதே நினைப்பாகி, குளியல், சாப்பாடு, தூக்கம் கெட்டு, அக்கம்பக்கத்துப் பேச்சே வேண்டாம் என்று ஆனால் டாக்டரிடம் காட்டுங்கள். சாப்பாடு ஒரு மாதமாக இறங்கவில்லை என்கிறீர்கள், அதற்காகவே இந்த வாரம் டாக்டரிடம் ஒரு நடை போய்விட்டு வாருங்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் எல்லாம் சேர்த்துப் பார்க்கட்டும். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. பஸ் ஏற முடியாவிட்டால் 14416, மத்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசி, காசு கிடையாது, ராத்திரி ஒன்பது மணிக்குச் சாவிக்கொத்தோடு உட்கார்ந்தும் தமிழிலேயே பேசலாம். "நானும் அவுககூடப் போயிட்டா என்ன" என்று ஒரு நாள் தோன்றினால்கூட அன்றைக்கே கூப்பிடுங்கள், மகனிடமும் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: துபாயில் வேலை, சொந்த ஊர் கானாடுகாத்தான். ஐந்து மாதம் முன்பு அப்பா இறந்தபோது டிக்கெட் கிடைக்கவில்லை. தம்பி வீடியோ காலில் காட்டினான். பக்கத்து அறைக்காரர்களுக்குக் கேட்கக்கூடாது என்று மைக்கை அணைத்துவிட்டு அழுதேன், அவன் "அண்ணே, கேக்குதா, கேக்குதா" என்று கேட்டுக்கொண்டே இருந்தான். கொள்ளி வைக்கும்போது சுடுகாட்டில் சிக்னல் போய்விட்டது. மூத்தவன் நான். மறுநாள் வேலைக்குப் போனேன். இப்போது போன் அடித்தாலே நெஞ்சு படபடக்கிறது.
– வாசகர், துபாய்

பதில்: தம்பி, உங்களூர்க்காரர்கள் கப்பலேறிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போன காலத்தில், வீட்டில் சாவு நடந்த சேதி கடிதத்தில் வந்து சேரும்போது இங்கே எல்லாம் முடிந்திருக்கும். ஆனாலும் சேதி காதில் விழுந்ததும் அவர்கள் தலை முழுகினார்கள், கூட இருந்தவர்கள் வந்து உட்கார்ந்தார்கள். தூரத்தில் இருந்தவனுக்கும் செய்ய ஒன்று இருந்தது. நீங்கள் எல்லாவற்றையும் நேரில் போலப் பார்த்தீர்கள், கையால் ஒன்றும் செய்யவில்லை, மறுநாள் அலுவலகம். குற்ற உணர்ச்சி அந்த இடைவெளியில் போய் உட்கார்ந்துகொண்டது.

லீவில் ஊருக்கு வரும்போது தம்பியைக் கூட்டிக்கொண்டு வீட்டு வாசலிலிருந்து அதே வழியாகச் சுடுகாடு வரை நடங்கள். எங்கே நிறுத்தினோம், யார் தோள் கொடுத்தார்கள், சிக்னல் போன பிறகு என்ன நடந்தது, எல்லாவற்றையும் அவன் சொல்லட்டும். அவனுக்கும் அதைச் சொல்ல ஆள் வேண்டும், கொள்ளி வைத்தவனை யாரும் கேட்பதில்லை. மைக் அணைத்த விஷயத்தையும் அங்கேயே சொல்லிவிடுங்கள். லீவு தள்ளிப்போனால் காத்திருக்க வேண்டாம், வீடியோவில் தமிழில் பேசுகிற ஆலோசகர்கள் இருக்கிறார்கள், ஆனால் அறையில் தனியாக இருக்கும் நேரமாகப் பார்த்து வாங்குங்கள், மறுபடி மைக்கை அணைக்க வேண்டியதில்லை. படபடப்புக்கு ஒரு டாக்டரிடம் நெஞ்சையும் காட்டிவிடுங்கள்.

கேள்வி: மாமனார் இறந்ததை ஆறு வயது மகளிடம் "ஐயா ஊருக்குப் போயிருக்காக" என்று சொல்லிவிட்டோம். இப்போது நான் காரைக்குடிக்குப் போயிட்டு வரேன் என்றாலே சேலையைப் பிடித்துக்கொண்டு அலறுகிறாள்.
– ஒரு தாய், பள்ளத்தூர்

பதில்: அவள் கணக்குச் சரிதானே? ஊருக்குப் போன ஐயா வரவில்லை, ஊருக்குப் போகிற ஆத்தா மட்டும் எப்படி வருவாள்? இன்றைக்கே மடியில் வைத்து, "ஐயா இறந்துட்டாக, அவங்க உடம்பு வேலை செய்யறதை நிறுத்திடுச்சு, இனி வர மாட்டாக, எங்களுக்கும் அழுகையா வருது" என்று நேராகச் சொல்லுங்கள். தூங்கிவிட்டார் என்றும் சொல்ல வேண்டாம், அப்புறம் படுக்கப் போகவே பயப்படுவாள். அதே கேள்வியைப் பத்து தடவை கேட்பாள், பத்து தடவையும் அதே பதில். சொன்ன பிறகு ஒரு நாள் பக்கத்துத் தெருக் கடைக்குப் போய்ப் பத்து நிமிஷத்தில் திரும்பி வந்து காட்டுங்கள், காரைக்குடியை அடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம்.