இரவுச் சோத்தை விட்டும் எடை குறையாததற்கு

தம்பி, இரவுச் சோத்தை விட்டுப் பிட்டுதான் சாப்பிடுறன், எடை அப்படியே நிக்குது எண்டு கேட்டிருக்கிறீங்க. சோத்தில பழி போடாதீங்க. பிட்டும் மாவுதானே, அதோட தேங்காய்ப்பூவும் சேருது, அதில மூண்டில ஒரு பங்கு கொழுப்பு. மேல பாற்சொதியும் ஊத்தினா, விட்ட சோத்தை விடக் கூடத்தான் உள்ள போகும்.

எனக்குப் பெரிசாப் படுறது நீங்க போற போக்கில சொன்ன தேத்தண்ணிக் கணக்கு. நாளைக்கு அஞ்சு, ஒவ்வொண்டிலயும் ரெண்டு கரண்டி சீனி. ஒரு தேக்கரண்டி 4 கிராம் எண்டாலே 40 கிராம், 160 கலோரி. பசியும் அடங்காது. நாளைக்கு ஏறத்தாழ 25 கிராமுக்குள்ள நிண்டா நல்லம் எண்டு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. முதல்ல இதைக் குறையுங்க. ஒவ்வொரு கிழமையும் கோப்பைக்கு அரைக் கரண்டி குறைச்சுக்கொண்டு வந்தா நாக்குப் பழகிடும்.

மத்தியானச் சோத்தை விடவேண்டாம். பீங்கானில பாதிக்கு முதல்ல பொன்னாங்காணிச் சுண்டல், பயத்தங்காய், வெள்ளரிக்காய் போடுங்க. பிறகு மீன், கடைசியாச் சோறு. வாவி மீன் கிடைக்கிற ஊரில இருந்துகொண்டு ஒவ்வொரு நாளும் பொரிச்சே தின்னாதீங்க, வீட்டில புளியாணம் வைக்கச் சொல்லுங்க.

அப்பாவுக்குச் சலரோகம் (நீரிழிவு) எண்டும் எழுதியிருக்கிறீங்க. அதால நீங்களும் இந்தக் கிழமையே வெறுவயித்தில இரத்தம் குடுத்துச் சீனி அளவைச் சோதிச்சுப் பாருங்க.