மெஷின் எழுகிறது, ஏஜென்ட் இணையவில்லை

கேள்வி: அலுவலக ப்ராக்ஸிக்குப் (இணையப் போக்குவரத்தை இடையில் நின்று கடத்தும் சர்வர்) பின்னால் ஜென்கின்ஸ் (மென்பொருளைத் தானாகக் கட்டிச் சோதிக்கும் கருவி) வைத்திருக்கிறோம். பில்டு (கட்டும் வேலை) வந்ததும் அமேசானின் வாடகை மெஷின் சேவையான இசி2-வில், அந்த வேலையைச் செய்யும் ஏஜென்ட் மெஷின் எழுகிறது, 'ரன்னிங்' என்றும் காட்டுகிறது. ஜென்கின்ஸிலோ கடைசிவரை ஆஃப்லைன். ப்ராக்ஸியை எடுத்துவிட்டால் மெஷினே எழுவதில்லை!

பதில்: இதில் இரண்டு இணைப்புகள் இருக்கின்றன. மெஷினை எழுப்பும்படி அமேசானைக் கேட்கும் ஏபிஐ அழைப்பு 443 போர்ட்டில் போகிறது; உங்கள் நெட்வொர்க்கில் அதற்கு ப்ராக்ஸி தேவை. எழுந்த மெஷினுக்குள் ஜென்கின்ஸ் நுழைவது எஸ்எஸ்எச் (பாதுகாப்பான தொலை நுழைவு) வழியாக, போர்ட் 22. ஜென்கின்ஸை இசி2-வோடு இணைக்கும் இசி2 ப்ளகின் இதற்கும் ஜென்கின்ஸின் ப்ராக்ஸியையே எடுத்துக்கொள்கிறது. ஸ்க்விட் போன்ற ப்ராக்ஸியை வந்தபடியே வைத்திருந்தால், கனெக்ட் கோரிக்கையை (வேறொரு சர்வருக்கு நேர்வழி திறக்கச் சொல்வது) 443 தவிர வேறு போர்ட்டுக்கு விடாது. 403 (அனுமதி இல்லை) என்று திருப்பி அனுப்பிவிடும். ஏஜென்ட் லாகில் 'யூஸிங் எச்டிடிபி ப்ராக்ஸி கான்ஃபிகரேஷன்' என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இருந்தால் கோளாறு இதுதான்.

இதைச் சரிசெய்ய, ஜென்கின்ஸின் ப்ராக்ஸி அமைப்பில் 'நோ ப்ராக்ஸி ஹோஸ்ட்' (ப்ராக்ஸி இல்லாமல் நேராகப் போகும் முகவரிகள்) பெட்டியில் ஏஜென்ட்டுகளின் முகவரியைச் சேர்க்க வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். உதாரணமாக, ஏஜென்ட்டுகளின் ஐபி 10.20 என்று தொடங்கினால், 10.20.0.0/16 என்று எழுதினால் எதற்கும் பொருந்தாது. நட்சத்திரம் மட்டுமே புரியும், ஆகவே 10.20.* என்று எழுதுங்கள். இன்னொன்று, ஜென்கின்ஸ் பெயரை ஐபியாக மாற்றிப் பார்ப்பதில்லை, எழுத்தைத்தான் ஒப்பிடுகிறது. ஏஜென்ட்டை எந்த முகவரியில் அணுகுவது என்று ப்ளகினில் சொல்லும் கனெக்ஷன் ஸ்ட்ராட்டஜியில் 'பிரைவேட் டிஎன்எஸ்' (உள் நெட்வொர்க் பெயர்) தேர்ந்திருந்தால் 10.20.* உதவாது, மும்பை ரீஜனில் *.compute.internal (காம்ப்யூட் டாட் இன்டர்னல்) வகைப் பெயருக்கான வரி வேண்டும். 'பிரைவேட் ஐபி' என்று மாற்றிவிடுவது எளிது. விபிஎன் வழியாக அந்த ஐபிக்கு நேர்ப்பாதையும், செக்யூரிட்டி குரூப்பில் (மெஷினுக்கான அமேசான் ஃபயர்வால் விதிகள்) போர்ட் 22-க்கு அனுமதியும் இருக்க வேண்டும்.

அமேசான் டொமைன் முழுவதையும் நட்சத்திரம் போட்டு அந்தப் பெட்டியில் தள்ளிவிடாதீர்கள். ஏபிஐ அழைப்பும் ப்ராக்ஸியைத் தாண்டி நேராகப் போகப் பார்த்து, பழைய கதைதான். சரியாகும்வரை இன்ஸ்டன்ஸ் கேப்பை (ஒரே நேரத்தில் எழக்கூடிய மெஷின்களின் உச்ச எண்ணிக்கை) 1-இல் வையுங்கள். இணையாத மெஷினுக்கும் மீட்டர் ஓடும்.

கேள்வி: ஏஜென்ட் இணைந்துவிட்டது. ஆனால் மேவன் (ஜாவா நிரல்களைக் கட்டும் கருவி) டவுன்லோடு நின்றுபோகிறது. கிட் (நிரல் பதிப்புகளைக் காக்கும் கருவி) மட்டும் வேலை செய்கிறது.

பதில்: எச்டிடிபிஎஸ் ப்ராக்ஸி என்விரான்மென்ட் வேரியபிளை கிட் படிக்கும், மேவன் படிக்காது. அதன் செட்டிங்ஸ் எக்ஸ்எம்எல் கோப்பில் ப்ராக்ஸியைத் தனியாக எழுதுங்கள். அங்கே, ப்ராக்ஸி வேண்டாத முகவரிகளின் விலக்குப் பட்டியலைப் பிரிக்க | குறி. கமா போட்டால் பட்டியல் முழுவதும் ஒரே பெயராகிவிடும்.