என்.கே. செல் அதிகமாம்... டிரிப்ஸ் போட்டுக்கொள்ளலாமா?

கேள்வி: எனக்கு வயது 31. மூன்று முறை 8, 9 வாரங்களில் கரு கலைந்துவிட்டது. பரிசோதனைகள் எல்லாம் நார்மல். இப்போது ஒரு மருத்துவமனையில், 'ரத்தத்தில் என்.கே. செல் 18 சதவீதம் இருக்கிறது, அதுதான் கருவைத் தாக்குகிறது' என்று சொல்லி, இன்ட்ராலிப்பிட் டிரிப்ஸும் ஸ்டீராய்டு மாத்திரையும் எடுக்கச் சொல்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: இந்த ஒரு ரிப்போர்ட்டை நம்பி எடுக்க வேண்டாம்.

ரத்தத்தில் சுற்றும் என்.கே. (நேச்சுரல் கில்லர்) செல்கள், வைரஸ் தொற்றிய செல்களை அழிக்கும் ஒருவகை வெள்ளையணுக்கள். ஆரோக்கியமாக இருப்பவர்களுக்கும் 18 சதவீதம் இருக்கலாம். மாடியேறி வந்தாலோ, ஊசியைப் பார்த்துப் பயந்தாலோகூட எண்ணிக்கை கூடும். கர்ப்பப்பையின் உள்சவ்வில் இருப்பவை வேறு ரகம். முதல் மூன்று மாதங்களில் அங்குள்ள வெள்ளையணுக்களில் சுமார் 70 சதவீதம் இவைதான். கொல்லும் திறன் இவற்றுக்குக் குறைவு. வாய்க்காலை அகலமாக வெட்டிவிடுவதுபோல, கர்ப்பப்பையின் சுருள் ரத்தக்குழாய்கள் விரிய உதவி, நஞ்சுக்கொடிக்கு ரத்தம் தாராளமாகப் போக வழிசெய்கின்றன. கையில் எடுத்த ரத்தத்தை வைத்து, உள்ளே இவை என்ன செய்கின்றன என்று சொல்ல முடியாது.

இன்ட்ராலிப்பிட் என்பது, சாப்பிட முடியாத நோயாளிகளுக்குச் சத்துக்காக ஏற்றும் சோயா எண்ணெய்க் கலவை. பால் மாதிரி வெள்ளையாக இருக்கும். உங்களைப் போன்றவர்களுக்கு இதையும் ஸ்டீராய்டையும் ஐரோப்பிய மகப்பேறு நிபுணர்களின் 2022 வழிகாட்டுதல் பரிந்துரைக்கவில்லை. ஸ்டீராய்டால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் ஏறலாம். அடுத்து, கணவரின் வெள்ளையணுக்களை ஊசியாகப் போடலாம் என்றும் யாராவது சொல்வார்கள். 1999இலேயே அமெரிக்க ஆய்வொன்றில் அது பலனளிக்கவில்லை.

நோய் எதிர்ப்பாற்றல் கோளாறால் கரு கலைவதும் உண்டு, மறுக்கவில்லை. உடலே உண்டாக்கும் சில ஆன்டிபாடிகளால் ரத்தம் எளிதில் உறைந்துபோகும் ஆன்டிபாஸ்போலிப்பிட் சிண்ட்ரோம்தான் அதில் முக்கியமானது. உங்கள் ஃபைலில் லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிப்பின், பீட்டா-2 கிளைகோபுரோட்டீன் என்ற மூன்று ரத்தப் பரிசோதனைகளும் இருக்கின்றனவா என்று பாருங்கள். பாசிட்டிவ் என்றால் 12 வாரம் கழித்து மறுபடி எடுத்து உறுதிசெய்ய வேண்டும். உறுதியானால் ரத்தம் உறைவதைத் தடுக்க, குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுப்போம். தைராய்டு, கர்ப்பப்பையின் 3டி ஸ்கேன் விட்டுப்போயிருந்தால் அதையும் முடித்துவிடுங்கள்.

சரி, இதெல்லாமும் நார்மல் என்றால்? ஆரம்ப வாரங்களில் கலையும் கருக்களில் ஏறக்குறைய பாதிக்குக் குரோமோசோம் கோளாறுதான் காரணம். பெரும்பாலும் அது தற்செயலாக நேர்வது. காரணம் தெரியாமல் திரும்பத் திரும்பக் கரு கலைந்த பெண்களிடம், கர்ப்பத்தைத் தாங்க உதவும் புரோஜெஸ்டிரான் ஹார்மோனைச் சோதித்து 2015இல் வெளியான பிராமிஸ் ஆய்வில், வெறும் போலி மருந்து வைத்துக்கொண்டவர்களிலேயே 63 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. லட்சக்கணக்கில் பணம் கேட்கும் இடத்தில் இதைச் சொல்ல மாட்டார்கள்.

ஃபோலிக் ஆசிட் மாத்திரையை இப்போதே தொடங்குங்கள். கர்ப்பம் உறுதியானதும் சீக்கிரமே ஸ்கேன் எடுங்கள். இடையில் ரத்தக்கசிவு தெரிந்தால் அன்றே மருத்துவரிடம் போய், புரோஜெஸ்டிரான் வைக்கலாமா என்று கேளுங்கள். உங்களைப் போல ஏற்கெனவே கரு கலைந்தவர்களுக்கு அந்த நேரத்தில் அது உதவுகிறது.